பனியில் பின்வாங்கிய படை: சாங்ஜின் ஏரியில் குளிர் யாரை, எப்படி வீழ்த்தியது?

வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கம் உள்ள கம்மவான்பேட்டைக்கு ‘மிலிட்டரி பேட்டை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்த ஊர். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவில் புதையுண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர் வேலூர் மாவட்டம். இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் நம் பக்கத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: ‘அத்தனை கம்பளி கொடுக்கிறார்களே, அப்புறமும் குளிர் எப்படி ஆளைக் கொல்லும்?’

பனிச்சரிவு வேறு, குளிர்க்காயம் வேறு. இரண்டாவதைப் புரிந்துகொள்ள 1950இல் கொரியாவில் நடந்த ஒரு போரும் அதன் பின்வாங்கலும் நல்ல பாடம். ஒரே மலை, ஒரே குளிர், இரண்டு படைகள். இரண்டின் காலணியும் சாப்பாடும் உத்தரவும் வேறு வேறு. விளைவும் வேறாகத்தான் இருந்தது.

முதலில் பெயரும் இடமும்

ஒரே போருக்கு இரண்டு பெயர் வழங்குவதால் குழப்பம் வரும். கொரிய மொழியில் அந்த ஏரி சாங்ஜின். அமெரிக்கப் படையிடம் இருந்தவை ஜப்பானியர் போட்ட வரைபடங்கள், அவற்றில் ‘சோசின்’. அதனால் அமெரிக்கர் எழுதியதில் சோசின், சீனர் எழுதியதில் சாங்ஜின் என்று வரும்.

ஏரி இருக்கும் பீடபூமி ஏறத்தாழ நம் ஏலகிரி அளவு உயரம்தான். ஆனால் வடக்கே சைபீரியா. 1950 நவம்பர் 14 அன்று அங்கிருந்து குளிர்காற்று இறங்கி, வெப்பநிலையை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே கொண்டுபோனது. மார்கழி விடியலில் 16 டிகிரிக்கே மப்ளர் தேடும் ஊர் நம்முடையது. அதிலிருந்து இன்னும் 46 டிகிரி இறங்கினால் என்னவோ, அது.

ஏரி இருப்பது வட கொரியாவில். அந்த நாட்டை எதிர்த்து, தென் கொரியாவுக்காக ஐ.நா. கொடியின் கீழ் போரிட்டவர்களில் சுமார் 30,000 பேர் அங்கே இருந்தார்கள்; சீனா வட கொரியாவின் பக்கம். அவர்களில் பெரும்பகுதி ஜெனரல் ஆலிவர் ஸ்மித்தின் அமெரிக்க முதலாம் மரைன் டிவிஷன் (மரைன் என்றால் கடற்படையோடு சேர்ந்த தரைப்போர் வீரர்கள்). நவம்பர் 27 இரவு, சோங் ஷிலுன் தலைமையிலான சீன 9ஆம் படைத்தொகுதி, சுமார் 1,20,000 பேர், மலைகளில் இருந்து இறங்கிச் சூழ்ந்துகொண்டது. டிசம்பர் 13 வரை நடந்தது போர்.

உடம்பு சூட்டை எங்கே இழக்கிறது

கம்பளி உடம்புக்குச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று, உடம்பின் சூடு வெளியே போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்றிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கணக்கு தலைகீழ். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

மைனஸ் 30இல் மழை பெய்யாது, பனியும் பொடியாகத்தான் இருக்கும், உதறினால் போய்விடும். பிறகு தண்ணீர் எங்கிருந்து வரும்? உள்ளேயிருந்துதான்: வியர்வை. 30 கிலோ சுமையோடு மலை ஏறுபவனுக்கு எந்தக் குளிரிலும் வியர்க்கும். ஏறும்வரை தசை எரியும் சூட்டில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. உச்சிக்கு வந்து நிற்கிறான். சூடு உண்டாவது நின்றுபோகிறது, ஈரம் மட்டும் மிச்சம். பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்குவான். பின்வாங்கும் படையின் பிழைப்பு முழுக்க இதுதான்: ஏறு, நில், சுடு, காத்திரு, மறுபடி ஏறு.

இதில் மூன்று தனித்தனிக் கேடுகள் உண்டு. செய்தியில் மூன்றையும் ‘குளிரால் பாதிப்பு’ என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள்.

1. உடற்குளிர்ச்சி: உள்ளுறுப்புகளின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவது. நடுக்கம், பேச்சுக் குழறல், பிறகு நடுக்கமே நின்றுபோய் தூக்கம். தூங்கவிட்டால் எழுவதில்லை.
2. உறைகாயம்: விரல், மூக்கு, காது ஆகியவற்றின் சதையே பனிக்கட்டியாவது. தோல் மெழுகு போல வெளுக்கும், தட்டினால் கட்டை மாதிரி இருக்கும்.
3. ஈரக்கால்: உறையவே வேண்டாம். பூஜ்யத்துக்கு மேலே இருந்தாலும், நாள்கணக்கில் ஈரத்தில் ஊறினால் காலின் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுப்போகும்.

ஷூபேக்: நல்ல எண்ணத்தில் செய்த கெட்ட பூட்ஸ்

இந்தப் பகுதியை ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நாள் முழுக்க கம்பூட்ஸ் போட்டு நிற்பவர் சாயங்காலம் அதைக் கழற்றும்போது பாருங்கள். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்திருக்காது. ஆனாலும் சாக்ஸைப் பிழியலாம். பாதம் வெளுத்து, கிணற்றில் ஊறினது போலச் சுருங்கியிருக்கும். தோல் ஆவியை விடும், ரப்பர் விடாது.

மரைன்களுக்குக் கொடுத்த ‘ஷூபேக்’ என்ற பனிக்கால பூட்ஸில் கீழ்ப்பகுதி ரப்பர், கணுக்காலுக்கு மேலே தோல். உள்ளே நமுதாவில், அதாவது நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளியில், ஆன இன்சோல், அதன் மேல் தடித்த கம்பளி சாக்ஸ். சேற்றிலும் உருகும் பனியிலும் அது பிரமாதமான காலணி. உறைகுளிரில் மலை ஏறி இறங்குபவனுக்கு அது பொறி. ஒரு மணி நேர ஏற்றத்தில் காலில் சுரந்த வியர்வை எங்கும் போக வழியில்லாமல் நமுதாவில் இறங்கும். நின்றதும் அந்த நமுதா பாதத்துக்கு அடியில் ஒரு பனிக்கட்டிப் பலகையாகும்.

அப்படியானால் முழுத் தோல் பூட்ஸ் போட்டிருக்கலாமே என்றால், அதுவும் சரிவராது. ஆவியை வெளியே விடும் தோல், தண்ணீரை உள்ளேயும் விடும். நனைந்த தோல் உறைந்தால் பலகை போல விறைத்துக் காலை நெரிக்கும், ரத்த ஓட்டம் குறையும், விரல் உறையும்.

ஆக, ஷூபேக்கோடு பிழைக்க ஒழுங்கு ஒன்றுதான் வழி. அது இப்படி:

1. ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், இரண்டு ஜோடி இன்சோல். ஒன்று காலில், மற்றது சட்டைக்குள், வயிற்றுத் தோலை ஒட்டி. உடம்புச் சூட்டில் அது காயும்.
2. நடை நின்றதும், கால் ஆறுவதற்குள் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பூட்ஸ் மட்டும். எதிரி திடீரென வந்தால் இரண்டு காலும் வெறுங்காலாக இருக்கக் கூடாது.
3. விரல்களை அசைத்து, கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். வலித்தால் நல்லது. இவ்வளவு நேரம் வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென வலிக்காமல் போனால்தான் ஆபத்து.
4. ஈரமானதை வயிற்றுக்கு மாற்றி, லேஸை இறுக்காமல் கட்ட வேண்டும்.

எழுத எளிது. கையுறையைக் கழற்றாமல் லேஸை அவிழ்க்க முடியாது. கழற்றினால் இரண்டு நிமிடத்தில் கைவிரல் மரத்துவிடும். இரவெல்லாம் தாக்குதல் நடந்தால் மாற்றவே நேரமில்லை. இரண்டு, மூன்று நாள் மாற்றாதவர்கள் சாக்ஸைக் கழற்றியபோது தோலும் சேர்ந்து வந்தது. ‘குளிருதே’ என்று மூன்று சாக்ஸைத் திணித்துக்கொண்டவர்களுக்கு பூட்ஸ் இறுகி, இன்னும் சீக்கிரம் உறைந்தது. மரைன் டிவிஷனில் போர்க்காயம் இல்லாமல் விழுந்தவர்கள் மட்டும் 7,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் குளிர்க்காயக்காரர்கள்.

அடுத்த குளிர்காலத்துக்கு வந்த பூட்ஸ் வேறு தத்துவம். கம்பளியை இரண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவே காற்றுப் புகாமல் மூடிவிட்டார்கள். கால் வியர்க்கத்தான் செய்யும், சாக்ஸ் நனையத்தான் செய்யும்; ஆனால் அந்த ஈரம் கம்பளியைத் தொட முடியாது. சாக்ஸ் மாற்றும் வேலை அப்போதும் ஒழியவில்லை. ஒழித்தால் ஈரக்கால் வரும்.

நம் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1962 அக்டோபரில், சீனப் போரின்போது, வடகிழக்கு எல்லையில் உள்ள நம்கா சூ ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்ட நம் படைப்பிரிவில் பலருக்கு பருத்தி உடுப்பும் கேன்வாஸ் ஷூவும்தான். கொரியாவில் இத்தனையும் நடந்து 12 வருஷம் ஆன பிறகு. அந்தப் படைப்பிரிவு சிதறி, மலைகளைத் தாண்டி பூட்டான் வழியாகப் பின்வாங்கியபோது குண்டு படாமலே செத்தவர்கள் உண்டு. இதற்குச் சாக்கு எதுவும் எடுபடாது.

எண்ணெய், இரும்பு, மருந்து

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியைக் கவிழ்த்தால் சொட்டாது. அடுப்பு ஓரம் வைத்துத்தான் இளக்க வேண்டும். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய்க்கு மைனஸ் 30இல் அதே கதி. பாகாகிப் போன எண்ணெய் உள்ளே நகரும் பாகத்தை இழுத்துப் பிடிக்கும். தோட்டா முழுதாக ஏறாது. கார்பைன் என்ற சிறிய துப்பாக்கி இதில் மோசமாகக் கைவிட்டது; கனமான எம்-1 ரைஃபிள் தாங்கியது. எண்ணெயைத் துடைத்தெடுத்து, கிட்டத்தட்ட உலர்வாக வைத்ததுதான் தீர்வு. இயந்திரத் துப்பாக்கிகளை எதிரி இல்லாதபோதும் அவ்வப்போது நான்கு ரவை சுட்டுச் சூடாக வைத்தார்கள்.

இரும்பு குளிரில் நொறுங்கும் குணம் பெறும். மண் ஓரடிக்கு மேல் கல்லாக உறைந்து கிடக்க, அதன் மேல் வைத்துச் சுட்ட மோர்ட்டாரின் (குண்டை மேல்நோக்கி வீசும் குழல்) அடித்தட்டு விரிசல் விட்டது. லாரி இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதால் அணைக்காமல் ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்கள். எரிபொருள் அதிலேயே நிறையக் கரைந்தது.

ரத்த பிளாஸ்மா புட்டியிலேயே உறைந்து பயனற்றுப் போனது. வலி தணிக்கும் மார்ஃபின் ஊசிகளை மருத்துவ உதவியாளர்கள் வாயில் அடக்கி இளகவைத்தார்கள். காயத்தைப் பார்க்க உடுப்பை வெட்டினால் அந்த இடமே உறையும். வெட்டாவிட்டால் காயம் தெரியாது. குளிரால் வந்த ஒரே நன்மை, ரத்தம் உறைந்து பலரின் காயம் தானே அடைபட்டது.

டப்பா உணவை நெருப்பில் காட்டினால் ஓரம் கருகும், நடுவில் ஐஸ். அதை அப்படியே தின்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு. அந்தக் குளிரில், நான்கு அடுக்கு உடுப்போடு, வயிற்றுப்போக்கு! தண்ணீருக்குப் பனியைத் தின்றால் அதை உருக்க உடம்பின் சூடுதான் செலவாகும்.

பின்வாங்கல் எப்படி நடந்தது

முதுகைக் காட்டி ஓடுவதல்ல, வரிசை கலையாமல் சண்டையிட்டுக்கொண்டே நகர்வது. ஏரிக்கு மேற்கே மரைன்கள் நின்ற யூதாம்-நி என்ற ஊரிலிருந்து ஹங்நாம் துறைமுகம் சுமார் 125 கிலோமீட்டர். வேலூரிலிருந்து சென்னைக்குச் சற்றுக் குறைவு. ஒற்றை மலைப்பாதை.

1. மேடுகளைப் பிடித்தல். பாதையில் லாரி நகர வேண்டுமானால் இரு பக்க முகடும் கையில் இருக்க வேண்டும். ஒரு பிரிவு ஏறிப் பிடிக்கும், வண்டிகள் கடக்கும், அது கடைசியில் இறங்கும். ஏறியவர்கள் வியர்த்து நனைந்து, காற்றடிக்கும் முகட்டில் மணிக்கணக்காக நிற்பார்கள். உறைகாயத்துக்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு இல்லை.

2. கணவாய். டோக்டாங் கணவாயில் சுமார் 240 பேர் கொண்ட ஒரு கம்பெனி ஐந்து நாள் தாக்குப்பிடித்தது. அவர்களை மீட்க ஒரு பட்டாலியன் பாதையை விட்டு, இரவில், பனியில், மலை வழியே நடந்தது. நின்ற இடத்திலேயே வீரர்கள் மயங்கிச் சாய, அதிகாரிகள் உதைத்தும் உலுக்கியும் எழுப்பிக்கொண்டே போனார்கள். உடற்குளிர்ச்சிக்கு அந்த நேரத்தில் வேறு வைத்தியம் கிடையாது.

3. காயம்பட்டவர்கள். யூதாம்-நியிலிருந்து, ஏரியின் தென்முனையில் உள்ள ஹகாரு-ரி 22 கிலோமீட்டர். வேலூரிலிருந்து ஆற்காடு போவதைவிடக் குறைவு. கடைசி ஆள் வந்துசேர 79 மணி நேரம். நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். முடியாதவர்கள் லாரியில், ஜீப்பின் பானெட் மேல். ஹகாரு-ரியில் உறைந்த நிலத்தை புல்டோசரால் சுரண்டி ஓடுபாதை போட்டிருந்தார்கள். அதிலிருந்து 4,312 பேர் விமானத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஓடுபாதை இல்லையென்றால் அவர்களில் பலர் லாரியில் அசையாமல் படுத்தபடி உறைந்திருப்பார்கள்.

4. பாலம். ஃபுன்சிலின் கணவாயில் சீனர்கள் பாலத்தைத் தகர்த்திருந்தார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், சுற்றுவழி கிடையாது. டிசம்பர் 7 அன்று எட்டு இரும்புப் பாலத் துண்டுகளை, ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல், இரு முனையிலும் பெரிய பாராசூட் கட்டி விமானத்திலிருந்து இறக்கினார்கள். ஒன்று சேதம், ஒன்று சீனர் கையில் விழுந்தது. தேவை நான்குதான், எட்டு கேட்டு வாங்கிய எஞ்சினியருக்கு ஒரு கும்பிடு போடலாம். போட்ட பிறகு ஒரு டிராக்டர் ஏறி நடுப்பலகை உடைந்தது. இரும்புத் தடங்களை நகர்த்தி மறுபடி பொருத்தினார்கள்: டாங்கிக்கு இரண்டு அங்குலம் மிச்சம், ஜீப்புக்கு அரை அங்குலம். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு வண்டியாகக் கடந்தது.

ஏரியின் கிழக்குக் கரையில் இருந்த, மரைன்களைச் சேராத அமெரிக்கத் தரைப்படைப் பிரிவுக்கு இந்த நான்கும் அமையவில்லை. சுமார் 3,000 பேர். முகடுகளைப் பிடிக்க ஆள் போதவில்லை, எரிபொருள் தீர்ந்தது, டிசம்பர் 1 இரவு லாரி வரிசை சிதைந்தது. உறைந்த ஏரியின் மேல் நடந்தும் தவழ்ந்தும் வந்தவர்களில் மறுபடி துப்பாக்கி ஏந்தும் நிலையில் இருந்தவர்கள் 385 பேர்.

காத்திருந்தவர்களின் கதி

சூழ்ந்துகொண்ட சீனப் படைக்கு ஆள்பலம் நான்கு மடங்கு. இருந்தும் குளிரில் அதிகம் இழந்தது அவர்கள்தான். காரணங்கள் தெளிவு. கிழக்குச் சீனாவின் மிதமான குளிருக்கான உடுப்போடு, ரப்பர் சோல் போட்ட துணி ஷூவோடு அவசரமாக ரயிலேற்றப்பட்டவர்கள். விமானம் பார்த்துவிடும் என்று தீமூட்டத் தடை. உணவு, உறைந்து கல்லான உருளைக்கிழங்கு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதுங்கிக் காத்திருக்கும் உத்தரவு: அசையாமல், பனியில் படுத்தபடி, இரவு முழுக்க. பாதையை நோக்கித் துப்பாக்கி நீட்டிய நிலையிலேயே மொத்தக் கம்பெனிகள் உறைந்து கிடந்ததைச் சீனாவே பதிவு செய்து, இன்றும் நினைவுகூர்கிறது. சீனக் கணக்கின்படியே குளிரால் விழுந்தவர்கள் சுமார் 29,000 பேர். போரில் விழுந்தவர்களைவிட அதிகம்.

‘யார் ஜெயித்தது’ என்று இரு தரப்பும் இன்றும் வாதாடுவது இதனால்தான். நிலம் சீனாவுக்குப் போனது. ஆனால் 9ஆம் படைத்தொகுதி அடுத்த சில மாதங்களுக்குப் போருக்கே லாயக்கில்லாமல் போனது. ஹங்நாமிலிருந்து டிசம்பர் 24க்குள் சுமார் 1,05,000 படையினரும், 90,000க்கு மேற்பட்ட பொதுமக்களும் கப்பலேறிவிட்டார்கள். 12 பயணிகளுக்கு இடமிருந்த மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பலில் மட்டும் 14,000 அகதிகள்.

அதே வாரம், பியோங்யாங்கில் ஓர் இந்தியப் பிரிவு

இந்தியா கொரியாவுக்குப் போர்ப்படை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. 346 பேர். தலைமை, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ்; பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர். டிசம்பர் தொடக்கத்தில் அவர்கள் வட கொரியத் தலைநகர் பியோங்யாங் போய்ச் சேர்ந்தபோது நகரமே காலியாகிக்கொண்டிருந்தது. மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். விட்டால் அடுத்த ஆபரேஷனுக்குக் கத்தியில்லை.

கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு நீராவி இன்ஜினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். இன்ஜின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவிலேயே இருந்தார்கள். அரக்கோணம், ஜோலார்பேட்டையில் கரி இன்ஜின் பார்த்த தலைமுறைக்குத் தெரியும், பாய்லரில் தண்ணீர் இல்லாமல் அது வெறும் இரும்பு. வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி நிரப்பினார்கள். தேதாங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்பு சாமான்களோடு கடந்துவிட்டார்கள். 1954 வரை அந்தப் பிரிவு கொரியாவில் வேலை செய்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

உறைந்த காலுக்கு எது கூடாது

1812இல் நெப்போலியனின் படை மாஸ்கோவிலிருந்து பின்வாங்கியபோது கூடவே போன மருத்துவர் லாரே ஒன்றைக் கவனித்தார்: இரவில் நெருப்போரம் கால் காய்ச்சி, பகலில் மறுபடி பனியில் நடந்தவர்களுக்குத்தான் கால் அழுகியது. இளகிய சதை மறுபடி உறைந்தால் சேதம் பல மடங்கு. அதனால் இன்றைய விதி: இன்னும் நடக்க வேண்டியிருந்தால், மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால், காலை இளக்காதே, உறைந்த காலோடே நடந்து முகாமுக்கு வா. அங்கே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், அரை மணி நேரம் போல. உயிர் போகிற வலி இருக்கும். ரத்தம் திரும்புவதால் வருவது அது.

ஆனால் அதே லாரே பனியால் தேய்க்கச் சொன்னார். அந்தப் பழக்கம் நூறு வருஷத்துக்கு மேல் நீடித்து, எத்தனையோ பேரின் தோலைக் கிழித்தது. தேய்க்கவே கூடாது. அடுப்பு, ஹீட்டர் அருகேயும் காட்டக்கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துவிடும். கறுத்த விரலை உடனே வெட்டுவதும் இல்லை. எது செத்தது, எது பிழைத்தது என்று தெரிய வாரங்கள் ஆகும்.

கேன்டீன் ரம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குடித்ததும் சூடாக இருப்பது தோலுக்கு ரத்தம் பாய்வதால். அந்தச் சூடு உள்ளுறுப்புகளிலிருந்து வந்து, தோல் வழியே காற்றில் போகிறது. முகாமுக்குள் படுக்கப் போகும் முன் என்றால் வேறு விஷயம். காவலுக்குப் போகும் முன் ஆகாது. பீடி, சிகரெட் நேர்மாறு. விரல் நுனி ரத்தக்குழாயைச் சுருக்கும்.

லடாக்கில் இருக்கும் பிள்ளைக்கு பார்சல் கட்டும் வீடுகளில் பெரும்பாலும் பருத்தி பனியனும் இறுக்கமான சாக்ஸும்தான் போகின்றன. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் ஒட்டிக்கிடக்கும். கம்பளி சாக்ஸ், கால் அளவுக்குச் சற்றுத் தளர்வாக, நாலைந்து ஜோடி அனுப்புங்கள்.